பொருத்தம் பார்க்கும் யந்திரம்

சென்ற மழைக்காலத்தில் வில்லியனூரில் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வளைகாப்பு. போயிருந்தேன். வளைகாப்பு என்றால் ஐந்து வகைச் சாதம் உண்டு என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்று ஆறாவதாகவும் ஒன்று பரிமாறினார்கள். அது இலையில் விழவில்லை, செல்போனில் விழுந்தது.

"அக்கா, இந்தச் சேதியைப் பாத்தீங்களா?" என்று பக்கத்து இலைக்காரி கேட்டாள். அதற்குள் எதிர்வரிசையில் இருந்த ஒருத்தி, "எனக்குக் காலையிலேயே வந்துட்டுதே!" என்றாள். பந்தியில் பாதிப் பேருக்கு அது வந்திருந்தது; மீதிப் பேருக்குப் பாயசம் வருவதற்குள் வந்து சேர்ந்தது.

சேதி இதுதான்: "மஞ்சள், மிளகு, இஞ்சி இவற்றில் உள்ள சத்துக்கள் வைரஸைப் பூட்டுப் போட்டு நிறுத்துகின்றன என்று கம்ப்யூட்டர் நிரூபித்துவிட்டது. இனி வைரஸ் ஜுரத்துக்கு டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. நம் அஞ்சறைப் பெட்டிக்குக் கம்ப்யூட்டரே சர்டிபிகேட் கொடுத்துவிட்டது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? நானும் பத்துப் பேருக்கு அனுப்பத் தயாரானேன். நல்ல வேளை, தாம்பூலம் வாங்கும் அவசரத்தில் அனுப்பவில்லை. அனுப்பாதது எவ்வளவு நல்லதாயிற்று என்பது அன்று மாலை பாகூரில் தெரிந்தது.

ஆயாவின் கஷாயம்

பாகூரில் என் பெரியம்மா இருக்கிறார். வில்லியனூருக்கு வந்துவிட்டு அவரைப் பார்க்காமல் போனால், அடுத்த விசேஷத்துக்கு எனக்குப் பத்திரிகை வராது. கரிக்கலாம்பாக்கம் வழியாக பஸ் பிடித்தேன். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். பாகூர் ஏரியில் தண்ணீர் தளும்பி நின்றது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அந்த ஊருக்குப் பெயர் இருப்பது நியாயந்தான் என்று எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் காலடி வைக்கும்போதே சுக்கும் மிளகும் கொதிக்கும் வாசனை மூக்கைத் துளைத்தது.

"வாடி வா! சின்னவனுக்கு நாலு நாளா ஜுரம். இன்னிக்குக் காலையிலே பாரு, உடம்பு பச்சைத் தண்ணியா ஆயிட்டுது! எல்லாம் என் கஷாயம். கம்ப்யூட்டரே சொல்லிட்டுதாமே, தெரியுமா உனக்கு?" என்றார் பெரியம்மா. வில்லியனூர்ச் சேதி எனக்கு முன்னாலேயே பாகூருக்குப் போய்விட்டிருந்தது!

சின்னவன் என்றால் பெரியம்மாவின் பேரன். ஏழு வயது. நான் போனால் ஓடி வந்து பையைத் துழாவுகிற பிள்ளை அன்று கூடத்துப் பாயில் சுருண்டு கிடந்தான். தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை, வாஸ்தவந்தான். ஆனால் கையும் காலும் சில்லென்று இருந்தன. "வயிறு வலிக்குது அத்தை" என்று முனகினான். காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி என்று அவன் தாயார் கவலையோடு சொன்னாள். "ஜுரம் இறங்கினா களைப்பு இருக்கத்தானே செய்யும்? இன்னொரு வேளை குடுத்தா எழுந்து உட்கார்ந்துடுவான்" என்றார் பெரியம்மா.

அந்தச் சமயத்தில் காலாப்பட்டிலிருந்து வீடு திரும்பினாள் மூத்த பேத்தி. அங்கே பல்கலைக்கழகத்தில் உயிர்த் தகவலியல் என்ற படிப்பில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். உயிரியல் பாடத்தைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு படிப்பதற்கு அந்தப் பெயர். புத்தகப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பியின் கையைத் தொட்டாள். வயிற்றை மெல்ல அழுத்தினாள். முகம் மாறிவிட்டது.

"ஆயா, கஷாயத்தை அப்புறம் பாத்துக்கலாம். அத்தை, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாள் பையனைப் பார்த்த மறுநிமிஷமே ஸலைன் ஏற்ற ஆரம்பித்து, ஆம்புலன்ஸில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தப் பரீட்சையில் டெங்கு என்று தெரிந்தது.

அங்கே இரவு டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் எல்லோரும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். டெங்கு ஜுரத்தில் அபாயமான நேரம் உடம்பு அனலாகக் கொதிக்கும் நேரமல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஜுரம் விடுகிற சமயந்தான் அபாயம்! அப்போது சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. ரத்தம் கெட்டிப்பட்டு நாடி தளர்ந்துவிடுகிறது. இந்தக் கண்டம் ஒரு நாள், இரண்டு நாள்தான். அதற்குள் கவனித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். கவனிக்காவிட்டால்...? அதை டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே, நாலாம் நாள் ஜுரம் இறங்கியது கஷாயத்தின் கைவரிசை அல்ல. அது அந்த வியாதியின் வழக்கம். பெரியம்மா வெற்றிக்கொடி நாட்டிய நேரமும், பையன் அபாய வாசலில் காலெடுத்து வைத்த நேரமும் ஒன்றாகவே இருந்தன.

இரண்டு நாள் ஸலைன் ஏறியது. மூன்றாம் நாள் காலையில் சின்னவன் கண்ணைத் திறந்து, "அத்தை, எனக்கு என்ன வாங்கியாந்தே?" என்று கேட்டான். உலகத்தில் அதைவிட இனிய கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பூட்டும் சாவியும்

முதல் நாள் இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் பேத்தியைப் பார்த்து, "அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லிச்சாடி?" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, உடைந்து போயிருந்தது.

"பொய் சொல்லலை ஆயா. அது சொன்னது ஒண்ணு, நமக்கு வந்து சேர்ந்தது வேற ஒண்ணு" என்றாள் பேத்தி. அன்றிரவு அவள் விளக்கியதை என் பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

வைரஸ் என்பது தானாக உயிர் வாழத் தெரியாத ஒரு திருட்டுக் கிருமி. நம் உடம்பின் செல்லுக்குள் நுழையவும், அங்கே பெருகவும் அதற்குச் சில புரதங்கள் வேண்டும். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. மேடு, பள்ளம், குழி, வளைவு எல்லாம் உண்டு. அந்தக் குழியில் கச்சிதமாகப் போய் உட்காரும் ஒரு சிறு மூலக்கூறு கிடைத்தால் புரதம் வேலை செய்யாது. திண்டுக்கல் பூட்டுக்குள் யாரோ ஒரு குச்சியைச் செருகி ஒடித்துவிட்டால் சொந்தக்காரன் சாவிகூட நுழையாதல்லவா? அதைப் போலத்தான். இந்தப் பூட்டு-சாவி உவமை எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் ரசாயன மேதை 1894-ல் சொன்னது.

புரதங்களின் வடிவத்தை அறிவது சாமானியமான காரியமல்ல. அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம்மவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி. என். ராமச்சந்திரன், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்க இயலாது என்பதை ஒரு வரைபடமாகவே தம் சகாக்களோடு 1963-ல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். இப்படிக் கண்டுபிடித்த வடிவங்களையெல்லாம் சேர்த்து வைக்க 1971 முதல் ஒரு பொதுக் களஞ்சியமும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அதைப் பார்க்கலாம்.

இனிமேல்தான் கம்ப்யூட்டரின் வேலை. புரதத்தின் வடிவம் ஒரு பக்கம். நம் உணவிலும் மூலிகையிலும் உள்ள மூலக்கூறுகளின் வடிவங்கள் மறுபக்கம். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, புரட்டி, சாய்த்து, அந்தக் குழிக்குள் வைத்துப் பார்க்கிறது. எவ்வளவு நெருக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு மார்க் கொடுக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: மார்க் பூஜ்யத்துக்குக் கீழே போகப் போகத்தான் உசத்தி! மைனஸ் ஐந்தை விட மைனஸ் ஒன்பது மேல். பள்ளிக்கூடத்தில் இந்த வழக்கம் இருந்திருந்தால் நம்மில் பலர் முதல் வகுப்பில் தேறியிருப்போம்.

"இதென்ன பிரமாதம்? ஜாதகப் பொருத்தம் பார்க்கிறதுதானே?" என்றார் பெரியம்மா.

பேத்தி துள்ளி எழுந்தாள். "அதேதான் ஆயா! அச்சு அசல் அதேதான்!"

ஜாதகம் வேறு, குடித்தனம் வேறு

பெரியம்மா சொன்ன உவமையை விட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதையே பிடித்துக்கொள்கிறேன்.

பெண்ணுக்கு வரன் தேடுகிறோம். நூறு ஜாதகம் வருகிறது. நூறு வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்க்க முடியுமா? ஜோசியர் எண்பதைக் கழித்துவிடுகிறார். இருபது மிஞ்சுகிறது. அதோடு கல்யாணம் ஆகிவிட்டதா? பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டும். பெண் பார்க்க வேண்டும். நிச்சயம் பண்ண வேண்டும். தாலி கட்ட வேண்டும். அத்தனையும் ஆன பிறகு குடித்தனம் எப்படி நடக்கிறது என்பது வேறு கதை! "பத்துப் பொருத்தமும் இருக்கிறது" என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்புவார்களா?

கம்ப்யூட்டர் பார்ப்பதும் ஜாதகப் பொருத்தந்தான். அதற்குப் பிறகு மூலக்கூறைச் சோதனைக் குழாயில், வைரஸ் தாக்கிய செல்களின் மேல் விட்டுப் பார்க்க வேண்டும். இது பெண் பார்க்கும் படலம். பிறகு பிராணிகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இது நிச்சயதார்த்தம். அப்புறம் மனிதர்களில் ஒரு சாராருக்கு மருந்தும் இன்னொரு சாராருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட வேண்டும். இதுதான் கல்யாணம். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலான வரன்கள் தட்டிப் போகும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நம் நாட்டிலேயே நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். 2020-ல் கொரோனா பரவியபோது கபசுரக் குடிநீர் வாங்கிக் குடிக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. பதினைந்து சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது. அதே ஆண்டில் சித்த வைத்திய ஆராய்ச்சியாளர்களும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் கூடி, கபசுரக் குடிநீரிலும் வேறொரு மூலிகைக் கலவையிலும் உள்ள 37 மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டார்கள். கொரோனா வைரஸின் மேலே முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தப் புரதத்தோடு அவற்றைக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தார்கள். 9 மூலக்கூறுகள் நன்றாகப் பொருந்தின. இது கம்ப்யூட்டர்ச் சோதனை என்று அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது. அதில் ஒளிவு மறைவு இல்லை.

இன்னொன்று சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நடந்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் நம் நாட்டு மூலிகைகளையும் அவற்றிலுள்ள ரசாயனப் பொருள்களையும் தொகுத்து ஒரு பேரகராதியே செய்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான முதல் பதிப்பில் 1,742 மூலிகைகள் இருந்தன. பிற்பாடு அது 4,010 ஆக வளர்ந்தது. 2020-ல் அவர்கள் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த பூட்டு வைரஸினுடையதல்ல. கொரோனா உள்ளே நுழையக் கதவைத் திறந்துவிடுகிற நம் உடம்பின் சொந்தப் புரதங்கள் இரண்டு. ஒன்றுக்கு 96 மூலக்கூறுகளும் மற்றொன்றுக்கு 9 மூலக்கூறுகளும் தேறின.

பதினாலாயிரத்திலிருந்து நூற்றைந்து! சல்லடை என்றால் இதுவல்லவா சல்லடை? பதினாலாயிரத்தையும் சோதனைக் குழாயில் போட்டுப் பார்ப்பதென்றால் எத்தனை வருஷம், எவ்வளவு பணம்! டெங்கு வைரஸைக் குறிவைத்துக் கொல்லும் மருந்து இன்றுவரை கைக்கு வராத நிலையில், இப்படிச் சலித்துக் கொடுக்கும் யந்திரத்தைப் பரிகாசம் செய்வது நன்றிகெட்ட செயல். ஆனால் சலித்த மாவைப் பார்த்து, "ஆஹா, இட்லி பிரமாதம்!" என்று சொன்னால் அது மாவின் குற்றமா?

வெளிநாட்டிலும் இந்தச் சல்லடை ஓடியது. 2020-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஜனங்கள் ராத்திரி செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும்போது, அந்தப் போன்கள் சும்மா கிடக்காமல் உணவு மூலக்கூறுகளைப் பற்றிய கணக்கை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுக்கும்படி ஏற்பாடு பண்ணினார்கள். அடுத்த ஆண்டு 52 மூலக்கூறுகளைப் பட்டியலிட்டார்கள். "நான் தூங்குறப்போ என் போனும் தூங்குதுன்னு நினைச்சேனே!" என்று வியந்தார் பெரியம்மா. அந்தப் பட்டியலும் ஜாதகக் கட்டுதான். மருந்துச் சீட்டு அல்ல.

எல்லோருக்கும் பொருந்தும் மாப்பிள்ளை

"அதெல்லாம் சரி, மஞ்சளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லு" என்றார் பெரியம்மா. மஞ்சளை யாரும் குறை சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் கம்ப்யூட்டரிலும் சரி, சோதனைக் குழாயிலும் சரி, எந்தப் புரதத்தோடு வைத்தாலும் பொருந்துவது போல் காட்டும். விஞ்ஞானிகளுக்கு இதிலேதான் சந்தேகம் பிறந்தது. எந்தப் பெண்ணின் ஜாதகத்துக்கும் பத்துப் பொருத்தமும் உள்ள மாப்பிள்ளை என்றால், தரகர் மேலேயே நமக்குச் சந்தேகம் வராதா? 2017-ல் ரசாயன நிபுணர்கள் சிலர் குர்குமினைப் பற்றி அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசினார்கள். சோதனைக் கருவிகளையே ஏமாற்றும் குணம் அதற்கு இருக்கிறது, உடம்பில் சேராமலே பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது, சரியாக ஒப்பிட்டுச் செய்த மனிதச் சோதனைகளில் அது ஜெயிக்கவில்லை என்று எழுதினார்கள்.

அளவையும் கவனியுங்கள். மஞ்சள் தூளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான் குர்குமின். ரசத்திலும் சாம்பாரிலும் ஒருவர் பங்குக்கு அரை கிராம் மஞ்சள் சேர்ந்தால் அதில் குர்குமின் பதினைந்து மில்லிகிராம். ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்த்ததோ கிராம் கணக்கில்!

"அதுக்குத்தானே மிளகு சேர்க்கிறோம்?" என்று மடக்கினார் பெரியம்மா. கேட்கவேண்டிய கேள்விதான். 1998-ல் பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் குர்குமின் இருபது மடங்கு ஆயிற்று. ஆனால் அது ஏன் நடந்தது தெரியுமா? வேண்டாத பொருள்களை மாற்றி வெளியேற்றும் நம் கல்லீரலின் வேலையைப் பைப்பரின் தடுப்பதால் நடந்தது. குர்குமினைப் போக விடாமல் பிடித்து வைக்கும் அதே கை, நாம் சாப்பிடும் வேறு மாத்திரைகளையும் பிடித்து வைக்கக்கூடும் அல்லவா?

இங்கே பெரியம்மா மெதுவாக முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் குளிகைகள்! "மஞ்சளும் மிளகும் சேர்ந்த சத்து மாத்திரை" என்று யாரோ சொல்லி வாங்கியதாம். ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையோடு இதையும் தினம் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

பேத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையல் மஞ்சளால் கெடுதல் இல்லை. நம் பாட்டிமார்களெல்லாம் அதைச் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள்தாம். ஆனால் செறிவாக்கிய குளிகை வேறு. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்டுப்போன பத்துப் பேரைப் பற்றி 2022-ல் டாக்டர்கள் விவரமாக எழுதினார்கள். ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் பிழைக்கவில்லை. மறுநாளே குளிகை டப்பாவை எடுத்துப் போய்ப் பெரியம்மாவின் டாக்டரிடம் காட்டினோம். அவர் நிறுத்தச் சொன்னார்.

நடந்த ஒரு கல்யாணம்

"அப்போ சமையல்கட்டிலேருந்து ஒரு மருந்தும் வராதா?" என்று ஏக்கத்தோடு கேட்டார் பெரியம்மா. வந்திருக்கிறது! அன்னாசிப்பூ தெரியுமல்லவா, பிரியாணிக்குத் தாளிக்கிறோமே, நட்சத்திரம் மாதிரி? அதில் ஷிகிமிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. இன்ஃப்ளூயன்ஸா ஜுரத்துக்குக் கொடுக்கும் ஒசெல்டமிவிர் என்ற மருந்தைச் செய்ய அது மூலப்பொருளாக உதவிற்று. பறவைக் காய்ச்சல் பயம் உலகை உலுக்கியபோது, 2005 வாக்கில், அன்னாசிப்பூவுக்கே பஞ்சம் வந்துவிட்டது.

ஆனால் அந்த அமிலத்துக்கு வைரஸைத் தடுக்கும் சக்தி கிடையாது. ரசாயன சாலையில் பல படிகள் ஏறி உருமாறிய பிறகுதான் அது மருந்தாகிறது. பிரியாணியில் எத்தனை அன்னாசிப்பூ போட்டாலும் வாசனை வருமே தவிர ஜுரம் போகாது.

இதில் நம் யந்திரத்துக்கும் பங்கு உண்டு. இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் ஒரு புரதத்தின் வடிவம் 1983-ல் ஆஸ்திரேலியாவில் வெளியாயிற்று. அந்தக் குழிக்குள் எந்த மாதிரி மூலக்கூறு நன்றாக உட்காரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்து, அதன்படியே செய்த ஸனமிவிர் என்ற மருந்தை 1993-ல் அறிவித்தார்கள். அதுவும் ஒசெல்டமிவிரும் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வடிவம் தெரிந்ததிலிருந்து மருந்துக் கடைக்கு வரப் பதினாறு வருஷம்! ஜாதகம் பார்த்து நடந்த கல்யாணந்தான். ஆனால் நடுவில் ஒரு சடங்கையும் விட்டுவிடவில்லை.

மூன்று கேள்விகள்

அடுத்த தடவை உங்கள் செல்போனில் இப்படி ஒரு சேதி வந்தால், பத்துப் பேருக்கு அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். சோதித்தது எதில்? கம்ப்யூட்டரிலா, குழாயிலா, எலியிலா, மனிதரிலா? எவ்வளவு கொடுத்தார்கள்? நாம் தாளிக்கும் அளவா, அதைப்போல் நூறு மடங்கா? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? நாலாம் நாள் தானாக இறங்கும் ஜுரத்துக்கு யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாமே!

மழைக்காலத்தில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள். ஜுரம் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதித் தூக்கம், கைகால் சில்லிடுதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் புறப்படுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரொபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவுக்கு இடமுண்டு. வாரம் ஒரு முறை பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜ் அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடையுங்கள். டெங்குக் கொசு சாக்கடையை விட நம் வீட்டு நல்ல தண்ணீரைத்தான் விரும்புகிறது.

ரசத்தை நிறுத்த வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! சின்னவனுக்கு வாந்தி நின்றதும் டாக்டர் முதலில் சொன்னதே, "கஞ்சி, இளநீர், ரசம் எல்லாம் நிறையக் கொடுங்கள்" என்பதுதான். ஜுரக்காரருக்கு நீர் இறங்குவதே பெரிய வைத்தியம். அதைக் கேட்டபோது பெரியம்மாவின் முகத்தில் மூன்று நாளாகக் காணாத வெளிச்சம் வந்தது.

ஊருக்குப் புறப்படும்போது, அவர் பேத்தியிடம் தம் செல்போனைக் கொடுத்து ஒரு சேதி தட்டச் சொன்னார். வில்லியனூரில் அன்று பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் அது போயிற்று. எனக்கும் வந்தது. இதுதான் அந்தச் சேதி:

"கம்ப்யூட்டர் ஜாதகம் பாக்கட்டும். ரசத்தை நான் பாத்துக்கறேன். ஜுரம் வந்தா புள்ளையை டாக்டர் பாக்கட்டும். பத்துப் பேருக்கு அனுப்புங்க."

இந்தத் தடவை நான் உடனே அனுப்பிவிட்டேன்.